சோழன் கதைக்குச் சோணாட்டில் இடமில்லை

பொன்னியாற்றைப் பெயரிலேயே தாங்கிய கதை ஒன்று, பொன்னி பாயும் நாட்டைப் புறக்கணித்துப் படமாகி வந்தது. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950-ஆம் ஆண்டு முதல் 1954-ஆம் ஆண்டு வரை கிழமைதோறும் எழுதினார். வீரநாராயண ஏரிக்கரையும், குடந்தைத் தெருக்களும், பழையாறையும், தஞ்சைக் கோட்டையும், கோடிக்கரையின் சேற்றுநிலமும் அக்கதையில் மாந்தரைப் போலவே உயிர்பெற்று உலவின. அக்கதை மணிரத்தினத்தின் இயக்கத்தில் இரு பகுதிகளாக 2022 செப்தம்பர் 30-ஆம் நாளும் 2023 ஏப்பிரல் 28-ஆம் நாளும் திரைக்கு வந்தது. படப்பிடிப்பு தொடங்கியதோ 2019 திசம்பரில், தாய்லாந்தில்! பின்னர்ப் புதுச்சேரி, பின்னர் ஐதராபாத்தின் இராமோசி திரைப்பட நகர், பின்னர் மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சா, குவாலியர். ஈழத்துக் காடுகளைக் காட்டத் தாய்லாந்து வேண்டியிருந்தது என்று அமைதி கூறுவார் கூறட்டும். ஓர்ச்சாவுக்கு என்ன அமைதி? அங்குள்ள மாளிகைகள் பந்தேல மன்னர்கள் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் எழுப்பியவை. அருண்மொழித்தேவன் வாழ்ந்தது 10-ஆம் நூற்றாண்டு. அறுநூறு ஆண்டுகள் கழித்து வடபுலத்தில் எழுந்த மாடத்தின் நிழலில் சோழர் கதை நடந்தது. தஞ்சையிலும் குடந்தையிலும் மக்கள் சீட்டு வாங்கி அமர்ந்து அதனைக் கண்டு கைதட்டினர்.

இயக்குநர் ஒருவரை வைது முடித்துவிடுதல் எளிது. ஆயின் அதனாற் பயனில்லை. படமெடுப்பது பெரும்பணம் புரளும் வணிகம். கதவு திறந்திருக்கும் இடத்திற்கு வணிகன் போவான். கைநீட்டி அழைக்கும் இடத்திற்கு விரைந்தே போவான். மத்தியப் பிரதேச அரசு 2020-ஆம் ஆண்டில் திரைப்படச் சுற்றுலாவிற்கெனத் தனிக்கொள்கையே வகுத்து, தன் மண்ணில் படமெடுப்போர்க்குப் பணவுதவியும் செய்கின்றது. படப்பிடிப்பிற்கு மிகவும் துணைநிற்கும் மாநிலம் என்று நடுவணரசு வழங்கும் விருதை அம்மாநிலம் இருமுறை பெற்றுள்ளது. தமிழ்நாட்டின் பெயர் அப்பட்டியலில் எங்கே இருக்கின்றது? எனவே, 'அவர் ஏன் வரவில்லை?' என்பது முதற்கேள்வி அன்று. 'வந்திருந்தால் தஞ்சையில் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?' என்பதே முதற்கேள்வி.

ஒரு படக்குழு தஞ்சைக்கு வருவதாகக் கொள்க. பெரியகோயிலின் முன்றிலில் ஒரு காட்சி, அரண்மனையில் ஒரு காட்சி, கல்லணைக் கால்வாயின் கரையில் ஒன்று, வயல்வெளியில் ஒன்று, நகரின் கடைத்தெருவில் ஒன்று. ஐந்து காட்சிகள். பெரியகோயிலுக்கு இசைவு தரவேண்டியது தில்லியிலிருந்து ஆளப்படும் தொல்லியல் துறை. அக்கோயிலோ அரண்மனைத் தேவத்தானத்தின் 88 கோயில்களுள் ஒன்று. அறநிலையத் துறையின் கண்ணும் அதன்மேல் உண்டு. அரண்மனைக்கு வேறு அலுவலகம். கால்வாய்க் கரைக்கு நீர்வளத் துறை. கடைத்தெருவிற்குக் காவல்துறை. இத்தனை வாயில்களிலும் மாநகராட்சியின் வாயில் எது? தெருவை அடைத்தமைக்கும் குப்பை போட்டமைக்கும் கட்டணம் வாங்கும் சிறு வாயில் மட்டுமே. 1866-ஆம் ஆண்டில் நகராட்சியாகி, 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர் இது. அதே 1866-இல் நகராட்சியான குடந்தை 2021-இல் மாநகராட்சியாயிற்று. ஒன்றரை நூற்றாண்டு ஊராட்சிப் பட்டறிவு உடைய இவ்விரு நகரங்களுக்கும், தம் முகம் திரையில் எவ்வாறு காட்டப்படவேண்டும் என்பதில் ஒரு சொல் சொல்லவும் உரிமை இல்லை.

பெரியகோயிலின் செய்தி தனியே விரித்துரைக்கத் தக்கது. 1973-ஆம் ஆண்டு வெளிவந்த 'இராசராச சோழன்' தமிழின் முதல் அகலத்திரைப் படம், ஏ.பி. நாகராசன் இயக்கியது. மாமன்னனாக நடித்த சிவாசி கணேசனின் குடும்பம் தஞ்சையை அடுத்த சூரக்கோட்டையைச் சேர்ந்தது. கோயிலை எடுப்பித்தவனின் கதை. சோணாட்டுக் குடியிற் பிறந்த நடிகர். கோயிலோ கண்ணெதிரே நிற்கின்றது. எனினும் கோயிலிற் படமெடுக்க இசைவு கிட்டவில்லை. சென்னைப் படப்பிடிப்பகத்தில் அக்கோயிலின் போலியுரு ஒன்று எழுப்பப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில்தான் இராசராசன் சிலையைக் கோயில் வளாகத்துள் நிறுவ அன்றைய தமிழக அரசு விரும்பிற்று, நடுவணரசு மறுத்தது. கட்டியவன் இன்றும் மதிலுக்கு வெளியே, தெருவோரத்தில் நின்றுகொண்டிருக்கின்றான். தன் கல்வெட்டில் அவன் 'நாம் எடுப்பிச்ச' என்று உரிமையோடு குறித்த கோயில். அக்கல்வெட்டு வழங்கும் பெயர் இராசராசேச்சரம். மக்கள் வழங்கும் பெயர் பெருவுடையார் கோயில். தில்லியின் பலகையோ 'பிரகதீசுவரர்' என்கின்றது. அப்பலகையின் பெயரையே 1987-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலும் ஏற்றது. 2020 பிப்பிரவரி 5-ஆம் நாள் நடந்த குடமுழுக்கில் தமிழும் ஒலிக்கவேண்டும் என்பதற்கே மதுரை உயர்நீதிமன்றக் கிளையின் படியேற வேண்டியிருந்தது என்றால், படமெடுக்கும் இசைவில் தமிழனின் சொல் ஏறுமா?

கோயிலைக் காக்கத்தான் இத்துணைக் கட்டு என்பர். காப்பு வேண்டும், அதனை மறுப்பார் இலர். 1997 சூன் 7-ஆம் நாள் அக்கோயிலின் வேள்விப் பந்தலில் பற்றிய தீயில் நாற்பத்தெண்மர் மாண்டதைத் தஞ்சை மறக்கவில்லை. ஆயிரம் ஆண்டு நின்ற கல்லின்மேல் ஆணியறையவும், ஓவியச் சுவரின் எதிரே பேரொளி விளக்குகளை ஏற்றவும் எவனுக்கும் இடந்தரலாகாது. கருவறைச் சுற்றில் ஒரு கருவியும் நுழையலாகாது என்றே இருக்கட்டும். அதனைச் சொல்லும் வாய் எங்கே இருக்கவேண்டும் என்பதுதான் வழக்கு. தீப்பற்றினால் ஓடிவந்து அணைப்பவனும் தஞ்சையான். மாண்டாரை எடுத்துப் புதைப்பவனும் தஞ்சையான். இசைவு மட்டும் தில்லிக்காரன் கையிலா?

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. வெள்ளையன் 1918-இல் இயற்றிய திரைப்படச் சட்டத்தின் நோக்கம் இரண்டு: அரங்கில் தீப்பற்றாமல் காத்தல், அரசுக்கு எதிரான கருத்துப் பற்றாமல் காத்தல். அரங்கு நடத்த உரிமம் தருவோராக மாவட்டங்களில் ஆட்சியரையும் தலைநகர்களில் காவல் ஆணையரையும் அது நிறுத்திற்று. 1920-இல் பம்பாய், கல்கத்தா, சென்னை, இரங்கூன் ஆகிய நான்கு துறைமுக நகரங்களில் தணிக்கைக் குழுக்கள் அமைந்தன. மக்கள் தேர்ந்த நகர்மன்றங்களை வெள்ளையன் நம்பவில்லை. நம்பாமைக்கு அவனுக்குக் காரணம் இருந்தது. வெள்ளையன் போனபின் 1952-இல் தணிக்கை முழுதும் நடுவணரசின் கைக்குப் போயிற்று. அரங்குகளுக்கென 1955-இல் சென்னை மாநிலம் இயற்றிய சட்டத்திலும் உரிமம் தருபவர் ஆட்சியரே. பெயர்கள் மாறின, இருக்கை மாறவில்லை.

இடைக்காலத்தில் காவிரிநாடு திரைக்கு எதையும் தராமல் இருந்ததா? தமிழ் பேசிய முதற்படமாகிய 'காளிதாசு' 1931 அக்டோபர் 31-இல் வெளிவந்தது. அதன் தலைவியாகிய டி.பி. இராசலக்குமி தம் பெயரின் முதலெழுத்திலேயே திருவையாற்றைச் சுமந்தவர். பம்பாயில் எடுத்த அப்படத்தில் அவர் தமிழிற் பேச, உடன்நடித்தவர் தெலுங்கிற் பேசினர். தமிழ்த்திரையின் பிறப்பே கலப்பிற் பிறந்த பிறப்பு! அதே அம்மையார் 1936-இல் ஒரு படத்தைத் தாமே இயக்கித் தமிழின் முதற் பெண் இயக்குநரானார். (படத்தின் பெயர் 'மிசு கமலா' என்பதை எண்ணிப் பெருமூச்சு விடுவார் விடுக.) தியாகராச பாகவதர் பிறந்தது மயிலாடுதுறை. உரையாடல் எழுதுவோனின் பெயருக்காகவே மக்கள் படம்பார்க்கும் நிலையைத் தோற்றுவித்த மு. கருணாநிதி திருக்குவளையார். பட்டுக்கோட்டை கலியாணசுந்தரம் இருபத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்து, உழவனின் சொல்லை அப்படியே பாட்டாக்கிவிட்டுப் போனார். பாலசந்தர் நன்னிலத்துக்காரர். ம.கோ.இரா. பிள்ளைப் பருவத்திற் படித்ததும் குடந்தையில்தான்.

ஆட்களைத் தந்தது காவிரிநாடு. கூடங்களை எழுப்பியது பிற ஊர்கள். 1934-இற் சென்னையில் பேசும்படக் கூடம் எழுந்தது. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்சு, கோவையில் செண்ட்ரல் எனச் சில ஆண்டுகளில் அடுத்தடுத்து எழுந்தன. போர்க்காலத்தில் ஏ.வி. மெய்யப்பர் காரைக்குடிக்கே கூடத்தைக் கொண்டுபோய் 1947-இல் 'நாம் இருவர்' படத்தை அங்கிருந்து வெளிக்கொணர்ந்தார். நீர்வளமும் நெல்வளமும் இசைவளமும் ஒருங்கே அமைந்த தஞ்சைக்கு அப்படி ஒன்று வாய்க்கவில்லை. மிராசுகளின் பணம் நிலத்திலும் கச்சேரியிலும் முடங்கிற்று. கச்சேரியிலோ தெலுங்கு பாடிற்று. அக்கதையை இங்கு விரிக்கின் வேறொரு கட்டுரையாகும். பின்னாளில் ஊர்ப்புறப் படங்கள் பெருகியபோது திரையில் அசைந்த நெல்வயல்கள் பெரும்பாலும் கோபிசெட்டிபாளையத்தினுடையவும் பொள்ளாச்சியினுடையவும் ஆயின. தஞ்சையின் பெயரைச் சொல்லிக் கொங்குநாட்டின் கதிரைக் காட்டினர்.

இனி, தமிழின் பெயரால் திரைக்குத் தரப்பட்ட ஊக்கம் ஒன்று உண்டு. அதன் வரலாற்றைத் தமிழன்பர் ஒவ்வொருவரும் கூர்ந்து நோக்குதல் வேண்டும். மகிழ்ச்சியோடு வரவேற்ற ஒன்றில் எத்தனை ஓட்டை இருந்தது என்பது அதில் விளங்கும்.

கேளிக்கை வரி தொடக்கத்தில் ஊரின் வரி. 1926-இல் சென்னை மாகாணம் உள்ளாட்சிகளே அதனை விதிக்கச் சட்டம் செய்தது. 1939-இல் மாகாண அரசு அதனைத் தன் சட்டமாக்கிக்கொண்டது. எனினும் திரண்ட வரியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உள்ளாட்சிகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டது. சிற்றூரின் கூரைக் கொட்டகையில் ஒருவன் மணலிற் குந்திப் படம்பார்க்கக் கொடுத்த காசில் ஒரு பகுதி அவ்வூரின் தெருவிளக்காக எரிந்தது என்பதே இதன் பொருள்.

2006 சூலையில் தமிழக அரசு ஓர் அறிவிப்பைச் செய்தது: தமிழிற் பெயர்சூட்டிய படத்திற்குக் கேளிக்கை வரி முழுவதும் விலக்கு. அதற்குமுன் ஆங்கிலப் பெயர்களை எதிர்த்துத் தமிழ் அமைப்புகள் தெருவில் இறங்கியிருந்தன. விலக்கு வந்தவுடன் பெயர்கள் உதிர்ந்தன. 'சம்திங் சம்திங்' என்று தொடங்கிய படம் அவ்விரு சொல்லையும் கழற்றி எறிந்துவிட்டு 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. 'காட்பாதர்' என்று பெயரிட்டிருந்தது 'வரலாறு' ஆயிற்று. 'ரோபோ' பின்னர் 'எந்திரன்' ஆயிற்று. ஆண்டுக்கணக்கிற் கெஞ்சியும் போராடியும் கிடைக்காத தமிழ், ஓர் ஆணையிற் கிடைத்தது. அந்த வகையில் அது வெற்றியே. அதனைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியன்று.

ஆயின் வெற்றி பலகையோடு நின்றது. பெயர் தமிழாக இருந்தாற் போதும். பேச்சு எதுவாகவும் இருக்கலாம். பாட்டு எதுவாகவும் இருக்கலாம். 2007-இல் 'சிவாசி' என்பது மாந்தப் பெயர் என்று சொல்லி விலக்குப் பெற்றது. பெயரைத் தமிழாக்கிய பின்னும் உள்ளே காதலனும் காதலியும் ஆங்கிலத்தில் ஊடினர், ஆங்கிலத்திற் கூடினர். 2011-ஆம் ஆண்டு உலகெங்கும் பரவிய 'கொலவெறி'ப் பாட்டில் தமிழ்ச்சொற்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பாட்டு இடம்பெற்ற படத்தின் பெயரோ '3' என்னும் வெற்றெண். 2011-இல் ஆட்சி மாறியபின் விலக்கிற்குச் சில கட்டுகள் சேர்ந்தன: எல்லாரும் பார்க்கத்தக்கது என்னும் தணிக்கைச் சான்று வேண்டும், உரையாடலிற் பெரும்பகுதி தமிழாக இருத்தல் வேண்டும், பண்பாட்டிற்கு இசைந்த கதை வேண்டும் என்றனர். 'பெரும்பகுதி' என்பதை அளக்கும் கோல் யார் கையில் இருந்தது? சென்னையில் அமர்ந்த குழுவின் கையில்.

இதனினும் பெரிய கேள்வி பணத்தைப் பற்றியது. நூற்றுக்குத் தொண்ணூறு ஊருக்குச் சேரவேண்டிய வரியைக் கோட்டை விலக்கிற்று. விலக்கால் மிச்சமான பணம் யாரிடம் தங்கிற்று? சீட்டின் விலை அவ்வளவிற்குக் குறைந்ததாகத் திருவாரூரிலோ மன்னார்குடியிலோ படம்பார்த்த எவனும் உணர்ந்தானில்லை. தமிழ்ப்பெயருக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது ஊர்களின் பணம். கொடுத்த ஊர்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவை மறுத்திருக்கும் என்பதன்று. தமிழுக்கென்றால் தஞ்சை தரும். ஆனால், தரும் கைக்கு 'உள்ளேயும் தமிழ் இருக்கட்டும்' என்று கேட்கும் வாய் இருந்திருக்கும்.

2017 சூலை 1-ஆம் நாள் சி.எசு.டி. என வழங்கும் சரக்குப் பணி வரி வந்தது; பழைய கேளிக்கை வரி அதனுள் அமிழ்ந்தது; விலக்கும் அதனோடு போயிற்று. அரசமைப்பின் 101-ஆம் திருத்தம் மாநிலப் பட்டியலின் 62-ஆம் பதிவில் ஒன்றை மட்டும் எஞ்சவிட்டது: ஊராட்சியும் நகராட்சியும் விதித்துத் தண்டும் கேளிக்கை வரி. அதாவது, இந்நாட்டில் இனிக் கேளிக்கைக்கெனத் தனிவரி விதிக்கும் உரிமை உள்ளாட்சிக்கு மட்டுமே உண்டு. மாநிலத்திற்கும் இல்லை, தில்லிக்கும் இல்லை! தமிழக அரசு அவ்வாண்டே உள்ளாட்சிக் கேளிக்கை வரிச் சட்டத்தை இயற்றிற்று. சூலைத் தொடக்கத்தில் அரங்குகள் நான்கு நாள் மூடிக்கிடந்தன. பேச்சு நடந்தது. புதிய தமிழ்ப்படத்திற்கு 10 விழுக்காடு என்றனர். படத்துறையினர் முரண்டியபின் 8 என்றனர். பின்னரும் அது தளர்ந்தது. பிறமொழிப் படங்களுக்குக் கூடுதல் விழுக்காடு வைத்தது முறையே. ஆனால் இவையெல்லாம் எங்கே முடிவாயின? சென்னைக் கோட்டையில், படமெடுப்போர்க்கும் அமைச்சர்க்கும் இடையே. வரி தஞ்சை மாமன்றத்தின் வரி. விழுக்காடு கோட்டையின் விழுக்காடு. தன் வரியின் அளவைச் செய்தித்தாளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் மாமன்றத்தை உள்ளாட்சி என்று அழைப்பது சொல்லுக்கே இழுக்கு.

'திரைப்படமே தமிழைக் கெடுத்த முதற்பகை. அதற்கு ஊக்கம் எதற்கு?' என்று தமிழன்பருட் சிலர் கேட்பர். கேள்வி நேர்மையானது. ஆனால் திரையை ஒதுக்கிவைக்கும் ஆற்றல் இன்று எவர்க்கும் இல்லை. ஒதுக்க முடியாத ஒன்றை ஆளத்தான் வேண்டும். ஆளுவதற்கு முதலிற் கையில் உரிமம் வேண்டும், கட்டணம் வேண்டும், கட்டணத்தைத் தளர்த்தும் ஆற்றல் வேண்டும். இம்மூன்றும் உடைய நகரமே படமெடுப்போனிடம் 'இன்ன மொழியில் எடு' என்று கேட்க முடியும்.

பிறர் என்ன செய்தனர் என்று பார்க்க நெடுந்தொலைவு போகவேண்டா. தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் ஒரு காலத்திற் கோடம்பாக்கத்திலேயே படமாகின. கேரள அரசு 1975-இல் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நிறுவி, 1980-இல் திருவனந்தபுரத்திற் சித்திராஞ்சலிக் கூடத்தைத் திறந்தது. கருநாடகம் தன் மண்ணில் எடுத்த கன்னடப் படத்திற்குப் பணவுதவியும் வரிச்சலுகையும் தந்து பெங்களூருக்குத் தன் படங்களை அழைத்துக்கொண்டது. ஆந்திரர் 1970-களில் ஐதராபாத்திற்குப் பெயர்ந்தனர். 1996-இல் அங்கு எழுந்த இராமோசி நகருக்குத்தான் இன்று சோழன் கதையும் போகின்றது. எவரும் வந்தேறிய இடத்திற் காலமெல்லாம் குடியிருக்கவில்லை. தமிழன் மட்டும் சென்னையை விட்டு நகரவில்லை. ம.கோ.இரா. பெயர்தாங்கிய திரைப்பட நகர் 1990-களில் எழுந்தது தரமணியில். 2024 சனவரியில் 500 கோடி உருபாவில் எழும் என்று அறிவித்த நகர் பூந்தமல்லியில். திருச்சிக்குத் தெற்கே தமிழ்நாடு இல்லைபோலும்!

உலகில் இதனை நகராட்சிகளே ஏற்று நடத்துகின்றன. நியூயார்க்கு நகரத் தலைவர் சான் இலிண்டுசே 1966-இல் திரைப்படத்திற்கெனத் தனி அலுவலகம் திறந்து, பல துறைகளிற் பிரிந்து கிடந்த இசைவுகளை ஒரே சீட்டில் அடக்கினார். தென்கொரியத்தின் புசான் தலைநகரன்று, துறைமுக ஊர். 1996-இல் அவ்வூர் உலகத் திரைப்பட விழாவைத் தொடங்கிற்று; 1999-இல் அந்நாட்டிலேயே முதலாவதாக நகரத் திரைப்பட ஆணையத்தை அமைத்தது. வருவோர்க்கு இடம் தேடித்தருவது, தெருவை ஒழுங்குசெய்து தருவது எல்லாம் அவ்வாணையத்தின் பணி. அந்நாட்டின் அரங்குகள் ஆண்டில் 146 நாள் தம் நாட்டுப் படத்தையே காட்டவேண்டும் என்று சட்டம் இருந்தது. அமெரிக்கன் வணிகப் பேச்சில் அழுத்தியதால் 2006-இல் அது 73 நாளாகக் குறைந்தது. குறைந்த நாளில் நடிகரும் இயக்குநரும் தெருவில் நின்றனர். தமிழ்நாட்டு நடிகர்கள் எதற்கெல்லாம் தெருவில் நின்றனர் என்பதை எண்ணிப் பார்க்க.

எனவே தஞ்சை, குடந்தை மாநகராட்சிகளும், மயிலாடுதுறை, திருவாரூர், நாகை, மன்னார்குடி நகராட்சிகளும் கூடிக் காவிரிநாட்டுத் திரைவினை மன்றம் ஒன்றை அமைத்தல் வேண்டும். படமெடுக்க வருவோன் அங்கு ஒரே விண்ணப்பம் கொடுக்கட்டும். பிற துறைகளிடம் அம்மன்றமே பேசி, குறித்த நாளுக்குள் விடை பெற்றுத் தரட்டும். விடை 'இல்லை' என்பதானால் ஏன் என்பதைத் தமிழில் எழுதித் தரட்டும். கட்டணத்தில் ஏற்றத்தாழ்வு வைக்கட்டும்: பெயர் தமிழாயின் ஒரு தளர்வு, பாட்டும் பேச்சும் தமிழாயின் மேலும் ஒன்று, படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓடும் பெயர்வரிசை தமிழெழுத்தில் இருந்தால் இன்னும் ஒன்று. (தமிழ்ப் படங்களிற் பெயர்வரிசையை ஆங்கிலத்திற் காட்டும் இழிவு எந்தச் சட்டத்தாலும் இதுவரை கேட்கப்படவில்லை.) வேற்றூரை நடித்துக்காட்ட இங்கு வருவோனுக்கு முழுக்கட்டணம். சோணாட்டுக் கதையைச் சோணாட்டிலேயே எடுப்பவனுக்குப் பாதி.

பணத்தைவிடப் பெரிய கைம்முதல் இம்மண்ணின் கைவினைஞர். சோழர் காலத்துச் செப்புத்திருமேனி திரையில் வேண்டுமாயின் சுவாமிமலையில் இன்றும் மெழுகிற் செய்து மண்ணிட்டு வார்ப்போர் உள்ளனர். பட்டு வேண்டுமாயின் திருபுவனம். நாகசுரம் வேண்டுமாயின் ஆச்சாமரத்தில் அதனைக் கடையும் நரசிங்கம்பேட்டை. ஊதுவோர்க்கும் தவில் கொட்டுவோர்க்கும் காவிரிக்கரை ஊர்கள். இவர்களின் பட்டியலை மன்றம் கையில் வைத்திருந்து, வரும் குழு இத்தனை விழுக்காடு ஆட்களை உள்ளூரில் எடுக்கவேண்டும் என்று கட்டளையிடலாம். ஓர்ச்சாவின் மாடத்தில் எந்த நாகசுரக்காரனுக்கும் கூலி கிடைக்கவில்லை.

ஒன்றில் மட்டும் இம்மன்றம் கல்லாய் நிற்றல் வேண்டும். திரைப்பட நகர் என்னும் பெயரால் ஒரு குழி நிலமும் நெல்லை விட்டுப் பெயரலாகாது. 2020-இல் இயற்றிய வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை, திருவாரூர், நாகை நிலங்களை எண்ணெய்க் குழாயினின்று காக்க வந்தது; வண்ணத்தாளாலான அரண்மனைகளினின்றும் அவற்றைக் காக்கவேண்டும். படக்குழு எந்நாளில் வரலாம் என்பதையும் பயிரே சொல்லட்டும். மேட்டூர் அணை சூன் 12-இல் திறந்து தண்ணீர் கடைமடை சேரும்வரை வாய்க்காற் கரைகளில் ஊர்திகள் ஏறலாகாது. குறுவை அறுவடையும் சம்பா நடவும் நெருங்கும் நாள்களில் வயலில் இறங்க அவ்வூர் ஊராட்சியின் தீர்மானம் வேண்டும். தை அறுவடை முடிந்து உளுந்தும் பயறும் தெளித்த வயலைத் தரிசென்று எண்ணிக் குதிரைகளை ஓட்டுவோர்க்கு அது தரிசன்று என்று சொல்ல ஓர் உழவனும் மன்றத்தில் இருத்தல் வேண்டும். மிதிபட்ட பயிருக்கு ஈடு, படம் வெளிவந்த பின்னன்று. குழு ஊரை விட்டுப் புறப்படுமுன்.

இதற்கு அரசமைப்பைத் திருத்தவேண்டா. தில்லிக்குத் தூது போகவேண்டா. கேளிக்கை வரி உள்ளாட்சியினுடையது என்று அரசமைப்பே எழுதிவைத்திருக்கின்றது. அதன் விழுக்காட்டை உறுதிசெய்யும் உரிமையை மாமன்றங்களுக்கே விடுமாறு தமிழக அரசு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தாற் போதும். தெரு, பூங்கா, சந்தை, குளக்கரை ஆகியவற்றுக்கான கட்டணத்தை மாநகராட்சி ஒரு தீர்மானத்திலேயே மாற்றியமைக்கலாம். தஞ்சை மாமன்ற உறுப்பினருள் எவரேனும் ஒருவர் அத்தீர்மானத்தை முன்மொழிய, ஒருவர் வழிமொழிந்தாற் போதுமானது. பெரியகோயிலைப் பொறுத்தவரை, அதே கூட்டத்தில் இரண்டாவது தீர்மானம் ஒன்று வேண்டும்: கோயிலின் வெளிமுன்றிலில் எவருக்கு, எந்நாளில், எவ்வரம்பிற்குட்பட்டுப் படமெடுக்க இசைவு தரப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் பட்டியலைத் தொல்லியல் துறை ஆண்டுதோறும் மாமன்றத்தில் வைத்தல் வேண்டும், தமிழில்.